மூச்சு மண்டலமும் ரிப்போர்ட்டில் வரும் சொற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்ஸ்ரே கவரையோ டிஸ்சார்ஜ் சம்மரியையோ கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. நர்சிங், பிசியோதெரபி முதலாண்டுப் பிள்ளைகள் கேட்பவையும் கலந்திருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் இங்கே கிடையாது. உறுப்பு எங்கே இருக்கிறது, அதை டாக்டர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள், அந்தப் பெயர் தாளில் வந்தால் என்ன பொருள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பெயர்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

காற்று போகும் வழியிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தச் சொற்களில் முக்கால்வாசி வெறும் விலாசம்தான். எந்த இடம் என்று பிடிபட்டுவிட்டால் மீதி தானாகப் புரியும்.

மூக்கு, தொண்டை, குரல்வளை. அதற்குக் கீழே மூச்சுக்குழல். டிரக்கியா என்று எழுதியிருப்பது இதைத்தான். 10 முதல் 12 செ.மீ. நீளம், 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள். குரல்வளைக்குக் கீழே விரல் வைத்து மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். வளையம் என்று பெயரே தவிர, பின்பக்கம் மூடியிருக்காது. அங்கே தசைதான் இருக்கிறது, அதை ஒட்டி உணவுக்குழாய் இறங்குகிறது. நெஞ்செலும்பின் மேல்பகுதியைத் தடவினால் ஒரு குறுக்கு மேடு தெரியும். ஏறக்குறைய அந்த மட்டத்தில் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. பிரியும் முனைக்கு கரைனா என்று பெயர். பிரிந்த கிளைகள் பிராங்கஸ். அவை மேலும் மேலும் பிரிந்து, சுமார் 23 தலைமுறை இறங்கிய பிறகு ஆல்வியோலை என்கிற காற்று நுண்ணறைகளில் முடிகின்றன.

நடுவழியில் ஒரு மாற்றத்தை மட்டும் கவனியுங்கள். பெரிய கிளைகளில் குருத்தெலும்பு உண்டு. ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுத்துவிட்ட பிராங்கியோல்களில் அது கிடையாது, சுவரில் தசை மட்டும்தான். தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால், தசை இறுகினால் குழாய் உடனே சுருங்கிவிடும். ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரும்போது நடப்பது இதுதான்.

நுண்ணறைகளின் எண்ணிக்கை 30 கோடியிலிருந்து 50 கோடி வரை என்று கணக்கிடுகிறார்கள். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. சென்னையில் ஒரு சின்ன இரண்டு பெட்ரூம் ஃபிளாட் அளவு.

யு.ஆர்.ஐ., எல்.ஆர்.டி.ஐ. என்று எழுதுகிறார்களே, என்ன வித்தியாசம்?

குரல்வளைதான் எல்லை. அதற்கு மேலே தொற்று என்றால் யு.ஆர்.ஐ.: ஜலதோஷம், தொண்டை வலி, மூக்கடைப்பு. கீழே என்றால் எல்.ஆர்.டி.ஐ.: பிராங்கைடிஸ், நிமோனியா. வீட்டில் இரண்டையும் சேர்த்து "சளி பிடிச்சிருக்கு" என்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. டாக்டர் சளியைப் பற்றி விசாரித்தால், மூக்கில் ஒழுகுகிறதா, இருமினால் நெஞ்சிலிருந்து வருகிறதா, என்ன நிறம், ரத்தம் கலந்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒரு டெஸ்ட் மிச்சமானாலும் ஆகலாம்.

"எனக்கு சைனஸ் இருக்கு" என்றால்?

எல்லோருக்கும் இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் அந்தப் பெயர். நெற்றியில் ஃபிரான்டல், கன்னத்தில் மேக்ஸிலரி, இரு கண்களுக்கு இடையில் எத்மாய்டு, அதற்கும் பின்னால் ஆழத்தில் ஸ்பீனாய்டு என நான்கு ஜோடிகள். அவை வீங்கினால் சைனசைடிஸ். ஐடிஸ் என்று முடியும் சொல் எதைக் கண்டாலும் அழற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

கன்னத்து சைனஸ்தான் அதிகம் தொல்லை தரும். அதன் வாசல் அறையின் மேல்பகுதியில் இருப்பதால், நிமிர்ந்து நிற்கும்போது உள்ளே சேர்ந்த சளி தானாக வடியாது. மேல்வரிசைக் கடைவாய்ப்பற்களின் வேர்கள் இந்த அறையின் தரைக்கு மிக அருகில் இருக்கின்றன. அதனால்தான் சைனசைடிஸ் வந்தவர் பல்வலி என்று பல் டாக்டரிடம் போவதும், சொத்தைப் பல் உள்ளவருக்கு ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வருவதும்.

மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் கட்டாயமா?

எந்தச் சதை என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு வார்த்தையில் மூன்று வெவ்வேறு சமாச்சாரங்களைச் சொல்லிவிடுகிறார்கள். டர்பினேட் என்பது எல்லோருக்கும் பிறவியிலேயே மூக்கின் பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் மடிப்பு. அலர்ஜியில் வீங்கும், பிறகு வடியும். பாலிப் என்பது புதிதாக முளைத்துத் தொங்கும் வளர்ச்சி. அடினாய்டு மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்கோடியில் இருக்கும் நிணத்திசு. சின்ன வயதில் பெரிதாக இருந்து, வளர வளரச் சுருங்கிவிடும். வாயைத் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லப்படும் "சதை" பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

டி.என்.எஸ். என்று எழுதியிருந்தால் மூக்கின் நடுத்தடுப்பு வளைந்திருக்கிறது என்று பொருள். கொஞ்சம் வளைவு பலருக்கும் உண்டு. ரிப்போர்ட்டில் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் கத்தி வைக்க வேண்டியதில்லை.

ஒரு பக்க மூக்கு அடைத்து, கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் அடைக்கிறதே?

இயல்பு. இரு பக்கத்து டர்பினேட்டுகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வீங்கி வடிகின்றன. ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் 1895இல் இதை எழுதிவைத்தார். இடகலை, பிங்கலை என்று சரம் பார்க்கிறவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கவனித்திருக்கிறார்கள்.

புரை ஏறுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

யாரோ நினைக்கிறார்கள் என்பதை ஒருபுறம் வையுங்கள். விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புகிறது, குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, எபிக்ளாட்டிஸ் என்கிற குரல்வளை மூடி சாய்ந்து வாசலை மறைக்கிறது. கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கிப் பாருங்கள், கழுத்தில் உள்ள முடிச்சு ஏறி இறங்குவது தெரியும். சாப்பிட்டுக்கொண்டே பேசினாலோ சிரித்தாலோ இந்த வரிசை பிசகி, ஒரு துளி தண்ணீரோ ஒரு பருக்கையோ வழி தவறிவிடுகிறது. உடம்பு இருமித் தள்ளுகிறது. வெறும் புரை என்றால் கதை அத்தோடு முடிந்தது.

தள்ள முடியாமல் உள்ளே இறங்கிவிட்டால், அது பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும். வலது பிராங்கஸ் இடதைவிட அகலம், நீளம் குறைவு, ஏறத்தாழ நேராக இறங்குகிறது. இடதுபக்கம் இதயத்துக்கு வழிவிட்டுச் சாய்ந்து போகிறது. 1897இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் குஸ்டாவ் கில்லியான் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை வாய்வழியாகக் குழல் விட்டு எடுத்தார். பிராங்கோஸ்கோப்பி தொடங்கியது அங்கேதான். அந்த எலும்பும் வலது பக்கம்தான் இருந்தது.

நம் ஊரில் அடிக்கடி சிக்குவது வேர்க்கடலை. எக்ஸ்ரேயில் கடலை தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். காசும் பின்னும் தெரியும், கடலையும் புளியங்கொட்டையும் தெரியாது. கடலை தின்றுகொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று புரை ஏறி, அப்போதைக்கு அடங்கி, பிறகு வாரக்கணக்கில் இருமலோ ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப நிமோனியாவோ வந்தால், "அன்றைக்குக் கடலை சாப்பிட்டான்" என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். படத்தில் இல்லாத துப்பு அது. ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கடலை கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

குரல் கம்மியதற்கு ஏன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள்?

காசு பிடுங்க என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. இடது குரல்நாணை அசைக்கும் நரம்பு கழுத்திலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போகாமல், நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவுக்கு அடியில் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. ரெகரன்ட் லாரின்ஜியல் நரம்பு என்று பெயர். அந்தச் சுற்றுப்பாதையில் ஒரு நெறிகட்டியோ கட்டியோ அழுத்தினால், நோய் நெஞ்சில் இருக்கும், கம்முவது குரலாக இருக்கும். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லை என்றால், அதிலும் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால், காட்டிவிடுவது நல்லது.

தொண்டையில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். அப்பா இனிமேல் பேச மாட்டாரா?

அது டிரக்கியாஸ்டமி. மூச்சுக்குழலின் இரண்டாவது, மூன்றாவது வளையங்களுக்கு அருகில், குரல்வளைக்குக் கீழே வழி செய்து குழாய் வைப்பார்கள். மூச்சு அந்தக் குழாய் வழியாகவே போய்வருவதால் மேலே உள்ள குரல்நாண்களுக்குக் காற்று எட்டுவதில்லை. ஆகவே சத்தம் வராது. குரல்நாண்கள் அறுபடவில்லை. பலருக்கும் குழாயை எடுத்ததும் பேச்சு திரும்பிவிடுகிறது. சிலருக்குக் குழாய் இருக்கும்போதே பேசுவதற்கென்று வால்வு பொருத்துவார்கள். அதுவரை ஒரு சிலேட்டும் பல்பமும் வாங்கிக் கொடுங்கள். பேச முடியாத எரிச்சல் நோயைவிடப் பெரிது.

ஸ்டமி என்று முடிந்தால் வாசல் வைப்பது, எக்டமி என்றால் எடுத்துவிடுவது. லோபெக்டமி என்பது நுரையீரலில் ஒரு மடலை அகற்றுவது, நியூமோனெக்டமி ஒரு பக்க நுரையீரலையே அகற்றுவது.

கொரோனா காலத்தில் 25க்கு 12 என்று ஸ்கோர் போட்டார்களே, அந்த 25 எங்கிருந்து வந்தது?

மடல்களிலிருந்து. வலது நுரையீரலுக்கு மேல், நடு, கீழ் என மூன்று மடல்கள், இடதுக்கு மேல், கீழ் என இரண்டு. ஆக மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றிலும் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சி.டி.யில் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் 1, முக்கால் பங்குக்கு மேல் என்றால் 5. ஐந்து ஐந்தாகக் கூட்டினால் 25. அதனால் 25க்கு 12 என்பதை "பாதி நுரையீரல் போய்விட்டது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து மடல்களிலும் கால்வாசிக்குச் சற்றே மேல் பாதிப்பு இருந்தாலே கூட்டுத்தொகை 15 ஆகிவிடும். அந்த நாட்களில் இந்த எண்ணை வாட்ஸப்பில் பார்த்தே பாதி உயிர் போனவர்கள் ஏராளம்.

அந்த ரிப்போர்ட்டுகளில் இருந்த கிரவுண்ட் கிளாஸ் ஒபாசிட்டி என்பது, உள்ளிருக்கும் ரத்தக்குழாய்களை மறைக்காத லேசான வெண்மை. கன்சாலிடேஷன் என்றால் நுண்ணறைகளில் காற்றுக்குப் பதில் சீழோ நீரோ நிறைந்து, ரத்தக்குழாய்களும் தெரியாத அளவுக்கு அடர்ந்த வெள்ளை.

எக்ஸ்ரேயில் "பிராங்கோவாஸ்குலர் மார்க்கிங்ஸ் ப்ராமினென்ட்" என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

நம் ஊர் ரிப்போர்ட்டுகளில் இதைவிட அதிகம் புழங்கும் வாக்கியம் இருக்குமா என்பது சந்தேகம். மூச்சுக்குழாய்களும் ரத்தக்குழாய்களும் சேர்ந்தே கிளைவிடுவதால் படத்தில் வேர் போலக் கோடுகள் தெரியும். அவை சற்றுத் தூக்கலாகத் தெரிகின்றன என்பதுதான் இதன் பொருள். பிராங்கைடிஸிலும் புகை பிடிப்பவர்களிடமும் வரும். முழுதாக மூச்சை இழுக்காமல் படம் எடுத்தாலும் வரும். தனியாக இந்த ஒரு வரி மட்டும் இருந்தால், என்னைக் கேட்டால், பெரிதாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

படத்தைத் தூக்கிப் பார்க்கும்போது, உங்கள் எதிரில் ஒருவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். படத்தின் இடப்பக்கம் அவருடைய வலது நுரையீரல். ஆர் அல்லது எல் என்று ஓரத்தில் குறி இருக்கும். அப்பர் ஸோன், மிட் ஸோன், லோயர் ஸோன் என்பவை படத்தைக் குறுக்கே பிரித்த பகுதிகள். அவை மடல்கள் ஆகாது. கீழ் மடலின் மேல்முனை மிட் ஸோனிலேயே தெரியும்.

"ஓல்ட் கோக்ஸ்" என்றால் என்ன வியாதி?

காசநோய்தான். கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அவர் பெயரையே நோய்க்குப் பெயராக்கி, பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாதபடி கேஸ் ஷீட்டில் எழுதுவது இந்திய டாக்டர்களின் பழக்கம். ஓல்ட் கோக்ஸ் என்றால் எப்போதோ வந்து ஆறிய தழும்பு. ஃபைப்ரோட்டிக் ஸ்ட்ராண்ட்ஸ் (தழும்பு இழைகள்), கால்சிஃபிகேஷன் (சுண்ணாம்பு படிதல்) என்று கூடவே எழுதியிருப்பார்கள். இடம் பெரும்பாலும் மேல் மடலின் உச்சியாக இருக்கும். ஆக்சிஜன் அதிகம் நிற்கும் இடம் அது, காசநோய்க் கிருமிக்குப் பிடித்தமானது.

பெயரை மறைத்து எழுத வேண்டிய அளவுக்கு ஒரு காலத்தில் இந்த நோய்க்கு ஊர் பயந்தது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் விடுதியால் வந்த பெயர் என்று தெரியும்? நோயாளியை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று உலகுக்குக் காட்டியதும் சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வு மையம் அதைச் செய்தது.

குழந்தைக்கு "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றார்கள்.

அதுவும் காசநோய்தான், சற்று மரியாதையான பெயரில். கிருமி முதன்முதலில் நுழைந்த இடத்தில் நுரையீரலில் ஒரு சிறு புண், அங்கிருந்து வடியும் நிணநீர் சேரும் இடத்தில் வீங்கிய நெறிகட்டி. இரண்டும் சேர்ந்தால் பிரைமரி காம்ப்ளக்ஸ். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாமலேயே ஆறி, சுண்ணாம்பு படிந்து அடங்கிவிடும். சில பிள்ளைகளுக்கு நோயாக மாறும்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட மாட்டேன் என்கிறான், எடை ஏறவில்லை, அடிக்கடி சளி என்ற மூன்றை மட்டும் வைத்து இந்தப் பெயரைச் சூட்டி ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுவதை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். என்ன ஆதாரம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முன்னங்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்கும் மாண்டூ, எக்ஸ்ரே, வயிற்றிலிருந்து எடுத்த நீரிலோ சளியிலோ கிருமி தேடும் சோதனை, வீட்டில் வேறு யாருக்காவது காசநோய் இருந்ததா என்ற விசாரணை. இவை நடந்து, நோய் என்று உறுதியானால், மருந்தை ஒருநாள்கூட விடாமல் முடிக்க வேண்டும்.

"நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது" என்கிறார்கள். ஊசி போட்டு எடுத்துவிடலாமா?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் குழப்பும் கேள்வி இது. நீர் நுரையீரலுக்கு உள்ளேயா, வெளியேயா?

நுரையீரலைச் சுற்றி புளூரா என்ற இரட்டைச் சவ்வு இருக்கிறது. ஒரு படலம் நுரையீரலோடு ஒட்டியது, இன்னொன்று நெஞ்சுச் சுவரோடு ஒட்டியது. நடுவில் உராயாமல் நழுவுவதற்குச் சில மில்லி நீர் மட்டும் இருக்கும். அந்த இடைவெளியில் நீர் பெருகினால் புளூரல் எஃப்யூஷன். இது வெளியே இருக்கும் நீர், ஊசியால் எடுக்கலாம். காசநோய், நிமோனியா, புற்றுநோய், இதயம் அல்லது கல்லீரல் பழுது எனக் காரணம் பல. எடுத்த நீரில் புரதமும் எல்.டி.ஹெச். என்ற நொதியும் எவ்வளவு என்று பார்த்து, ரத்தத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள். ரிச்சர்ட் லைட் 1972இல் வகுத்த கணக்கு அது. டிரான்சுடேட் என்று வந்தால் கோளாறு பெரும்பாலும் இதயம், கல்லீரல், சிறுநீரகம் பக்கம். எக்சுடேட் என்றால் சவ்விலேயே நோய் இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் கூடவே ஏ.டி.ஏ. என்ற சோதனையும் போகும், காசநோயைப் பிடிக்க.

நுண்ணறைகளுக்குள்ளேயே நீர் கசிந்தால் அது பல்மனரி எடிமா. பெரும்பாலும் இதயத்தின் இடப்பக்கம் சோர்ந்துபோவதால் வருவது. படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தேவலை. ஆர்த்தாப்னியா என்று எழுதுவார்கள். இங்கே ஊசி குத்தி எடுக்க ஒன்றும் இல்லை. சிறுநீர் பிரியச் செய்யும் மருந்தும் ஆக்சிஜனும் இதய வைத்தியமும்தான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இரண்டு லிட்டர் எடுத்தார்களே, இவருக்கு ஏன் எடுக்கவில்லை என்று சண்டை போடுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் புளூரல் நீரை முதலில் காட்டிக்கொடுப்பது விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்மையான மூலை. சி.பி. ஆங்கிள் பிளண்டட் என்றால் அந்த மூலை மழுங்கிவிட்டது. நின்றபடி எடுத்த படத்தில் அது தெரியவே சுமார் 200 மில்லி சேர்ந்திருக்க வேண்டும். அதைவிடக் குறைவானதை அல்ட்ராசவுண்ட் காட்டிவிடும். நீர் எடுக்கும் ஊசியை விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் நுழைப்பார்கள். ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதே காரணம்.

நுரையீரலுக்கு வலி தெரியுமா?

தெரியாது. உள்படலத்துக்கும் தெரியாது. நெஞ்சுச் சுவரை ஒட்டிய வெளிப்படலத்துக்கு நன்றாகத் தெரியும். மூச்சை இழுக்கும்போது ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்துவது அதுதான். உள்ளுக்குள் வளரும் கட்டி வலியில்லாமல் பெரிதாகிவிடுவதும் இதனால்தான்.

கேஸ் ஷீட்டில் "ஆர்.எஸ்.: பி/எல் ஏ.இ. பிளஸ், என்.வி.பி.எஸ்., நோ ஆடட் சவுண்ட்ஸ், 98% ஆர்.ஏ." என்று இருக்கிறது.

நல்ல செய்தி. ஆர்.எஸ். மூச்சு மண்டலம். இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போகிறது, மூச்சொலி இயல்பாக இருக்கிறது, கூடுதல் சத்தம் எதுவும் இல்லை. ஆர்.ஏ. என்பது ரூம் ஏர், அதாவது ஆக்சிஜன் எதுவும் வைக்காமலேயே 98 காட்டுகிறது. மூட்டுவாதம் என்று எண்ணிப் பயந்தவர்கள் உண்டு, அதற்கும் அதே இரண்டு எழுத்துதான்.

கூடுதல் சத்தம் என்றால் முக்கியமாக இரண்டு. கிரெப்ஸ் என்பது நெற்றிமுடியைக் காதருகே வைத்து விரல்களால் உரசினால் கேட்கும் சடசடப்பு, நீரோ சளியோ தழும்போ காரணமாகலாம். ராங்கை, வீஸ் என்பவை குறுகிய குழாயில் காற்று போகும் ஓசை.

வீசிங் வந்தால் ஆஸ்துமா என்றுதானே பொருள்?

வீசிங் ஒரு சத்தம், ஆஸ்துமா ஒரு நோய். சின்னக் குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலில் வீசிங் வந்து, வளர்ந்ததும் அடியோடு நின்றுவிடுவது சகஜம். இதய நோயிலும் வரும், கடலை சிக்கினாலும் வரும். வீசிங் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கும். இழுக்கும்போது கொர்ரென்று கேட்டால் அது ஸ்ட்ரைடர், அடைப்பு குரல்வளை பக்கம் இருக்கிறது என்று பொருள். அமைதியாக இருக்கும் குழந்தைக்கு ஸ்ட்ரைடர் கேட்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

குழந்தைக்கு மூச்சு வாங்குகிறதா என்று தெரிய, சட்டையைத் தூக்கி, அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு எழும்புவதை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கோடு: 2 மாதத்துக்குக் கீழே 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் 5 வயது வரை 40. அதைத் தொட்டால் வேகமான மூச்சு. நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

குறைமாதப் பிரசவத்துக்கு முன் "லங்ஸ் மெச்சூர் ஆக ஊசி" போடுகிறார்களே, எதற்கு?

நுண்ணறையின் உட்சுவர் ஈரமானது. ஈரத்தின் இழுவிசை அதை மூடப் பார்க்கும். மூடாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள். டைப் 2 நியூமோசைட் செல்கள் சுரக்கின்றன. கருவில் 24 வாரத்தை ஒட்டித் தொடங்கி, 35 வாரத்தை ஒட்டித்தான் போதுமான அளவு சேர்கிறது. அதற்கு முன் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் நுண்ணறைகளைப் புதிதாகத் திறக்கப் போராட வேண்டியிருக்கிறது. தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி இந்தச் சுரப்பை முடுக்கிவிடுகிறது.

காரணம் இதுதான் என்று மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் 1959இல் காட்டினார்கள். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டு நாள்கூட முழுதாகத் தாங்காமல் இதே கோளாறால் இறந்துபோனான். காரணம் தெரிந்திருந்தும் கொடுக்க மருந்து இல்லாத காலம். இன்றைக்கு அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்து வீடு போகின்றன. சர்ஃபாக்டன்டையே குழாய் வழியாக நுரையீரலில் விடுகிறார்கள்.

கழுத்தில் அடிபட்டால் மூச்சு ஏன் நின்றுபோகிறது?

மூச்சை இழுக்கும் முக்கியத் தசை உதரவிதானம். அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்தாலும், அதற்கான ஃபிரெனிக் நரம்பு கழுத்தில் 3, 4, 5ஆம் தண்டுவட மட்டங்களிலிருந்து புறப்படுகிறது. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சும் நிற்கும். உதரவிதானத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் தோள்பட்டையில் வலி தெரிவதும் இதே நரம்பின் வேலை. விக்கலும் இந்தத் தசையின் துள்ளல்தான்.

பி.எஃப்.டி. என்று ஊதச் சொன்னார்கள். எண்களை எப்படிப் பார்ப்பது?

பி.எஃப்.டி. நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை. அதில் இரண்டைப் பாருங்கள். எஃப்.வி.சி. என்பது முழுக்க இழுத்து முழுக்க ஊதிய மொத்தக் காற்று. எஃப்.இ.வி.1 என்பது அதில் முதல் ஒரு வினாடியில் வெளியே வந்தது. இரண்டாவதை முதலாவதால் வகுத்து, இன்ஹேலர் கொடுத்த பிறகும் 0.7க்குக் கீழே இருந்தால் குழாயில் அடைப்பு, சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் பக்கம் யோசிப்பார்கள். விகிதம் சரியாக இருந்து மொத்தக் காற்றே குறைந்திருந்தால் நுரையீரல் விரியவில்லையோ என்று தேடுவார்கள். சி.ஓ.பி.டி. சிகரெட்காரர்களுக்கு மட்டும் வருவதாக நினைக்காதீர்கள். ஆயுள் முழுக்க விறகடுப்பில் ஊதிய பாட்டிகளுக்கும் வருகிறது.

எவ்வளவுதான் ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் காற்று உள்ளேயே தங்கும், அது ரெசிடுவல் வால்யூம். அரை லிட்டர் மூச்சு இழுத்தால் சுமார் 150 மில்லி குழாய்களிலேயே நின்றுவிடும், நுண்ணறைக்குப் போகாது. அது டெட் ஸ்பேஸ். பெயர்தான் பயமாக இருக்கிறது.

ஆக்சிமீட்டர் காட்டும்போது மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுப்பது எதற்கு?

ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டும் காட்டும். கரியமில வாயு தேங்கியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மணிக்கட்டில் எடுக்கும் ரத்தத்தில் செய்யும் ஏ.பி.ஜி. சோதனை அதைச் சொல்லும். வழக்கம்போல் சிரையிலிருந்து எடுக்காமல் தமனியிலிருந்து எடுப்பதால் வலி கூடுதல், அப்புறம் ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்க வேண்டும். கரியமில வாயு 35 முதல் 45, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். 7.35 முதல் 7.45 இயல்பு.

நகப்பூச்சு, சில்லிட்ட விரல் இரண்டும் ஆக்சிமீட்டரை ஏமாற்றும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. நம் நிறத்துக்கு இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

யாழ்ப்பாணத்து உறவினர் சொல்லும் பெயர்கள் வேறாக இருக்கின்றனவே?

ஆமாம். இலங்கைப் பாடநூல்களில் நுரையீரல் சுவாசப்பை, மூச்சுக்குழல் வாதனாளி, உதரவிதானம் பிரிமென்றகடு, நுண்ணறை சிற்றறை. ஆஸ்துமாவைத் தொய்வு என்பார்கள். அங்கே இந்தக் கலைச்சொல் மரபு பழையது. 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடலமைப்பு நூல்களையும் தமிழில் அச்சிட்டார்.

கடைசி வரியில் "கிளினிக்கல் கோரிலேஷன் தேவை" என்று இருக்கிறது. ஏதோ மறைக்கிறார்களா?

இல்லை. படம் பார்த்து எழுதியவர் நோயாளியைப் பார்க்கவில்லை. இருமல் எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று அவருக்குத் தெரியாது. அதையெல்லாம் தெரிந்த டாக்டர் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யட்டும் என்கிறார். டாக்டரிடம் போகும்போது தாளோடு ஃபிலிமையும் எடுத்துப் போங்கள். வீட்டு பீரோவில் பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேர்த்து. மேல் மடலில் தெரியும் தழும்பு ஐந்து வருடத்துக்கு முன்பும் அப்படியே இருந்ததா என்பதைப் புது சி.டி.யைவிட அந்தப் பழைய ஃபிலிம் சீக்கிரம் சொல்லிவிடும்.